பிஏஓ 13 எண்களை வைத்து கரும் ஆற்றல் கணக்கு: டபிள்யூ-ஏ ஏன் −3 சுவரில் போய் ஒட்டுகிறது?

பதிவு 1 · மாரத்தஹள்ளி மணி

வணக்கம். ஞாயிறு அல்சூர் கூடுகைக்கு ஒரு பைதான் நோட்புக் தயார் பண்ணிட்டு இருக்கேன். "கரும் ஆற்றல் வலுவிழக்குதாமே" என்று கேட்கிறவர்களுக்குச் செய்திப் படத்தைக் காட்டுவதைவிட, கணக்கையே போட்டுக் காட்டலாம் என்று எண்ணம்.

எடுத்துக்கொண்டது டெசி (கேலக்ஸிகளின் தொலைவை அளக்கும் ஆய்வு) 2025 மார்ச்சில் வெளியிட்ட இரண்டாம் தொகுதி பிஏஓ அளவுகள் (ஆதிப் பிரபஞ்சத்து ஒலி அலைகள் கேலக்ஸி இடைவெளியில் விட்ட தடம்), மொத்தம் 13 எண். தட்டைப் பிரபஞ்சம். ஐந்து மாறி: ஹபிள் எண் (இன்றைய விரிவு வேகம்), பொருள் அடர்த்தி, ஒலி அளவுகோல் (அந்த ஒலி அலைகள் ஓடிய தூரம்), டபிள்யூ-நாட் (விரிவை முடுக்கும் கரும் ஆற்றலின் அழுத்த-அடர்த்தி விகிதமான டபிள்யூவின் இன்றைய மதிப்பு; மாறாத மாறிலி என்றால் −1), டபிள்யூ-ஏ (டபிள்யூ காலத்தோடு மாறும் அளவு; மாறிலி என்றால் 0). எம்சீ (மாறிகளின் மதிப்பைத் தேடும் பைதான் நிரல்), 32 வாக்கர் (தேடி நடக்கும் புள்ளிகள்), 5000 அடி.

வந்த விடை: டபிள்யூ-நாட் −0.5 பக்கம். டபிள்யூ-ஏ நான் வைத்த எல்லை −3இல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஹபிள் எண் 50க்கும் 90க்கும் நடுவில் நிலைகொள்ளாமல் அலைகிறது. டெசி கட்டுரையில் −0.75, −0.86 என்று அழகாக இருக்கிறது. எங்கே தப்பு?

பதிவு 2 · வேதவல்லி

மணி, நீங்கள் சொன்ன இரண்டுமே தப்பு இல்லை. பிஏஓவை மட்டும் வைத்தால் டெசி குழுவுக்கே அதுதான் வந்தது: டபிள்யூ-நாட் −0.48, டபிள்யூ-ஏவுக்கு −1.34க்குக் கீழ் என்ற வரம்பு மட்டும். அவர்கள் வைத்த எல்லையும் −3தான். கட்டுரையில் நீங்கள் பார்த்த −0.752, −0.86 என்ற ஜோடி, பிஏஓவோடு ஆதிப் பிரபஞ்சத்தின் பின்புலக் கதிர்வீச்சையும் டிஇஎஸ் (கரும் ஆற்றல் ஆய்வு) ஐந்தாண்டு சூப்பர்நோவாக்களையும் சேர்த்த பிறகு வந்தது.

ஹபிள் எண் அலைவதற்குக் காரணம் வேறு. கே.ஆர். மார்க்கெட்டில் பூக்காரம்மா கையால் முழம் போடுகிறார். அந்த முழம் எத்தனை சென்டிமீட்டர் என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரே கை. ஆகவே "இந்தச் சரம் அந்தச் சரத்தைப் போல இரண்டரை மடங்கு" என்று உறுதியாகச் சொல்லலாம், மீட்டரில் சொல்ல முடியாது. பிஏஓ தருவதும் அப்படித்தான், தொலைவு ÷ ஒலி அளவுகோல். ஹபிள் எண்ணும் ஒலி அளவுகோலும் பெருக்கலாக மட்டுமே சிக்கும். சிறிய எச்சை (ஹபிள் எண் ÷ 100) ஆர்டியால் (ஒலி அளவுகோல்) பெருக்கினால், கரும் ஆற்றல் மாறாத சாதாரண மாடலில் 101.54 ± 0.73 மெகாபார்செக் (வானியல் தூர அலகு). ஐந்து மாறியை நான்காக்குங்கள், அந்தப் பெருக்கலையே ஒரு மாறியாக வையுங்கள். செயின் (வாக்கர்களின் நடைத் தடம்) சட்டென்று படியும்.

இன்னொன்று: டபிள்யூ-நாட், டபிள்யூ-ஏ இரண்டின் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழ் இருக்கணும் என்ற நிபந்தனையும் போட்டிருக்கிறீர்களா? இல்லாவிட்டால் ஆதி காலத்தில் கரும் ஆற்றல் பொருளைவிட வேகமாக ஏறும் மூலைக்கும் சில வாக்கர் போய் உட்காரும்.

பதிவு 3 · அரைக்கிறுக்கன்

செயின் ஓட்டுவதற்கு முன் நிரலைச் சோதிச்சீங்களா தம்பி? பத்துக்கு எட்டு பேர் கரும் ஆற்றல் அடர்த்தியை எழுதும் வரியில்தான் விழுகிறார்கள்.

அடர்த்தி விகிதம் (அன்றைய அடர்த்தி ÷ இன்றைய அடர்த்தி) இரண்டு துண்டின் பெருக்கல். முதல் துண்டு: அளவுக் காரணி (பிரபஞ்சத்தின் அளவு, இன்றைக்கு 1), அடுக்கு −3 × (1 + டபிள்யூ-நாட் + டபிள்யூ-ஏ). இரண்டாவது: எக்ஸ்பொனென்ஷியல், அதனுள் −3 × டபிள்யூ-ஏ × (1 − அளவுக் காரணி). இரண்டாவதை மறந்துவிட்டு, அந்தந்தக் காலத்து டபிள்யூவை அப்படியே அடுக்கில் போடுகிறவர்கள் நிறைய. அது தப்பு. டபிள்யூ மாறிக்கொண்டே வருகிறதால் தொகையீடு செய்துதான் அடுக்கு கிடைக்கும்.

டபிள்யூ-நாட் −1, டபிள்யூ-ஏ 0 போட்டால் எல்லாச் செம்பெயர்ச்சியிலும் (விரிவால் ஒளி நீண்ட அளவு; கூடக்கூடப் பழைய காலம்) சரியாக 1 வரணும். அடுத்து −0.752, −0.86 போடுங்க. செம்பெயர்ச்சி 0.4இல் 1.127, 1இல் 1.018, 2இல் 0.743. இந்த மூன்றும் வந்தால் வரி சரி.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்க. 0.4 என்றால் சுமார் 430–440 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இன்றைக்கு இருப்பதைவிட 13% அதிகம். அதற்கும் முன்னே போனால் குறைவு. ஏறி, உச்சம் தொட்டு, இப்போது இறங்குகிறது என்பதுதான் இந்தப் பொருத்தம் சொல்லும் கதை. செய்தியில் "வலுவிழக்கிறது" என்ற பாதி மட்டும்தான் வந்தது. ஏறிய பாதிதான் கோட்பாட்டுக்காரர்களுக்குத் தலைவலி. டபிள்யூ −1ஐத் தாண்டுவது சாதாரண ஒற்றை ஸ்கேலார் புலத்தால் ஆகாத காரியம்.

பதிவு 4 · வேதவல்லி

சோதனை என்று வந்ததால் ஒரு புள்ளியைக் கையாலேயே போடுவோம். செம்பெயர்ச்சி 0.51, சிவப்புக் கேலக்ஸிகளின் முதல் பெட்டி. டெசி தந்தது: குறுக்குத் தொலைவு (வானத்தில் பக்கவாட்டில் அளந்தது) 13.588 ± 0.167, நேர்நோக்குத் தொலைவு (நம் பார்வைக் கோட்டில் அளந்தது) 21.863 ± 0.425, இரண்டும் ஒலி அளவுகோலின் மடங்காக.

பிளாங்க் (பின்புலக் கதிர்வீச்சை அளந்த செயற்கைக்கோள்) பக்கத்து மதிப்புகளை எடுங்கள்: ஹபிள் எண் 67.4, பொருள் 0.315, ஒலி அளவுகோல் 147.09. ஒளிவேகத்தை ஹபிள் எண்ணால் வகுத்தால் 4448 மெகாபார்செக். 1.51இன் கனம் 3.443. அதை 0.315ஆல் பெருக்கி 0.685 கூட்டினால் 1.7695, வர்க்கமூலம் 1.3302. 4448 ÷ 1.3302 ÷ 147.09 = 22.73. குறுக்குத் தொலைவுக்கு 0 முதல் 0.51 வரை ஐந்து புள்ளி சிம்ப்சன் போதும். தொகையீடு 0.44625, அதாவது 1985 மெகாபார்செக், 147.09ஆல் வகுத்தால் 13.49.

குறுக்கே விலகல் அரை சிக்மாவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான் (0.56; சிக்மா என்பது அளவுப் பிழையின் அலகு). நேர்நோக்கில் 2.04 சிக்மா கீழே. இந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் பல பேர் ஆட்டம் போட்டார்கள். ஆனால் பிஏஓவின் சொந்தப் பொருத்தத்தை (பொருள் 0.2975, பெருக்கல் 101.54) போட்டுப் பாருங்கள், 22.47 வரும், விலகல் 1.4 சிக்மாதான். பிஏஓ 13 எண்ணும் சாதாரண மாறிலி மாடலோடு தங்களுக்குள் சண்டை போடவில்லை. மொத்தக் கை-ஸ்கொயர் (விலகல்களை வர்க்கித்துக் கூட்டியது) சுமார் 10. 13 எண்ணுக்கு இரண்டு மாறி என்றால் அது சுத்தமான பொருத்தம்.

பதிவு 5 · மாரத்தஹள்ளி மணி

அடர்த்தி மூன்றும் அப்படியே வந்தது. 22.73, 13.49 வந்தது. ஆனால் அந்தப் புள்ளிக்கு மட்டும் கை-ஸ்கொயர் 7.0 வருகிறது. 0.56ஐயும் 2.04ஐயும் வர்க்கித்துக் கூட்டினால் 4.5 தானே வரணும்?

பதிவு 6 · அரைக்கிறுக்கன்

கோவேரியன்ஸில் (இரு எண்ணின் பிழைகள் சேர்ந்து அசையும் அளவு) குறி மாறிப்போச்சு. குறுக்கும் நேர்நோக்கும் எதிர்த்தொடர்பு உடையவை, ஒவ்வொரு பெட்டியிலும் −0.4 முதல் −0.5 வரை. நீங்க பிளஸ் போட்டிருக்கீங்க. −0.46 போட்டால் 4.3 வரும், +0.46 போட்டால் 7.0. அட்டவணையைக் கையால் தட்டச்சு செய்யும்போது மைனஸ் விழுந்திருக்கும். வெளியிட்ட கோவேரியன்ஸ் கோப்பையே படிக்க வைங்க, கையால் அடிக்காதீங்க.

முதல் எண் (செம்பெயர்ச்சி 0.295, 7.942) மட்டும் இரு திசையும் கலந்த சராசரித் தொலைவு. அதைக் குறுக்குத் தொலைவாக எடுத்துவிடும் தப்பும் உண்டு. சரியான வழி: செம்பெயர்ச்சி × குறுக்கின் வர்க்கம் × நேர்நோக்கு, அதன் கனமூலம்.

பதிவு 7 · மாரத்தஹள்ளி மணி

மைனஸ்தான். நன்றி அண்ணே. 4.3 வந்துடுச்சு.

பதிவு 8 · கெங்கேரி கிரகணம்

நடுவில் ஒரு கேள்வி. அந்த முழத்தை வானத்தில் எங்கே வைத்து அளக்கிறார்கள்? ஞாயிறு கேட்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பதிவு 9 · கிட்டப்பார்வை

செம்பெயர்ச்சி 0.51இல் முழத்தின் கோணம் 4.2 டிகிரி. நிலாவை எட்டு தடவை வரிசையாக அடுக்கின அகலம். 2.33க்குப் போனால் 1.47 டிகிரி. நேர்நோக்கில் அளவு செம்பெயர்ச்சி வித்தியாசமாகத் தெரியும், 0.51இல் அது 0.046. இந்த இடைவெளியில் கேலக்ஸி ஜோடிகள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் ஒரு சதவீதம் கூடுதல். அவ்வளவுதான் சமிக்ஞை. கண்ணால் பார்த்தால் எந்த வளையமும் தெரியாது. 2005இல் ஸ்லோன் ஆய்வு 46,748 சிவப்புக் கேலக்ஸிகளை வைத்து இந்த மேட்டைப் பிடித்தது. டெசி இரண்டாம் தொகுதியில் 1.4 கோடிக்கு மேல்.

கருவி அரிசோனா கிட் பீக்கில், மேயால் 4 மீட்டர் தொலைநோக்கியில். குவியத் தளம் பத்துத் துண்டு, துண்டுக்கு 500 ஃபைபர், மொத்தம் 5000. ஒவ்வொரு ஃபைபரையும் இரண்டு குட்டி மோட்டார் திருப்பும். ஃபைபர் உள்விட்டம் 107 மைக்ரான், வானத்தில் ஒன்றரை ஆர்க்செகண்ட். பத்து மைக்ரானுக்குள் உட்காரவில்லை என்றால் ஒளி நழுவும். பத்து நிறமாலைமானி, ஒவ்வொன்றிலும் நீலம், சிவப்பு, அண்மை அகச்சிவப்பு என்று மூன்று கை, 360 முதல் 980 நானோமீட்டர் வரை.

எங்கே சறுக்கும் என்றால், உமிழ்கோட்டுக் கேலக்ஸிகளில். அவற்றுக்கு முகவரி ஆக்சிஜன் இரட்டைக்கோடு: 3726, 3729 ஆங்ஸ்ட்ராம். இடைவெளி 2.8. செம்பெயர்ச்சி 1.3 என்றால் கோடு 8570 பக்கம் வந்துவிடும், இடைவெளி 6.4 ஆகும். அந்தப் பகுதி முழுக்க நம் வளிமண்டலத்து ஹைட்ராக்சில் கோடுகள் முள்வேலி மாதிரி நிற்கும். வானக் கோட்டைச் சரியாகக் கழிக்காமல் விட்ட மிச்சம் ஒரு கேலக்ஸிக் கோடு மாதிரியே நடிக்கும். இரட்டை பிரிந்து தெரிந்தால் நம்பலாம், ஒற்றை முள்ளாக நின்றால் சந்தேகப்படணும். கருவிக்குக் கூர்மை ஏன் அவ்வளவு வேணும் என்பதற்குப் பதில் அந்த 6.4 ஆங்ஸ்ட்ராம். அதே கோடு 980 நானோமீட்டரைத் தாண்டும் இடம் 1.63. அதனால்தான் அந்த வகைக் கேலக்ஸிப் பட்டியல் 1.6இல் நிற்கிறது. இயற்கை அங்கே தீர்ந்துபோகவில்லை, சிசிடி தீர்ந்துபோகிறது.

பதிவு 10 · கெங்கேரி கிரகணம்

ஃபைபர்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்கணுமே. பக்கத்துப் பக்கத்துக் கேலக்ஸி இரண்டில் ஒன்று விடுபட்டால் ஜோடி எண்ணிக்கை கெடாதா?

பதிவு 11 · கிட்டப்பார்வை

கெடும், சிறிய தூரத்தில். ஃபைபர்களுக்கு நடுவே 10.4 மில்லிமீட்டர், வானத்தில் சில ஆர்க்மினிட். முழமோ 250 ஆர்க்மினிட். நூறு மடங்கு வித்தியாசம் என்பதால் பிஏஓ மேட்டை அது அசைக்காது. அதே வானத்தைப் பல சுற்று பார்ப்பதும், விடுபட்டதற்கு நிறை கூட்டுவதும் உண்டு.

பெரிய தூரத்தில் கெடுப்பது வேறு சமாச்சாரம்: நம் பால்வீதித் தூசி, நட்சத்திர நெரிசல், படத்தின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுவது. உமிழ்கோட்டுக் கேலக்ஸிகள் மங்கல் எல்லையில் தேர்ந்தெடுக்கப்படுவதால் அவற்றுக்குத்தான் அடி அதிகம்.

நேரடியாகக் கேலக்ஸி எண்ணிப் பார்க்க ஆசை இருந்தால் முதல் தொகுதிப் பட்டியல் பொதுவில் இருக்கிறது. சிவப்புக் கேலக்ஸி மட்டும் 0.4–1.1க்குள் 21 லட்சத்துக்கு மேல். மூன்று எச்சரிக்கை. பட்டியலில் "வெயிட்" என்ற பத்தியும் "எஃப்கேபி வெயிட்" (இரைச்சலைக் குறைக்கும் நிறை) என்ற பத்தியும் தனித்தனி, இரண்டையும் பெருக்கணும். ரேண்டம் கோப்பு (ஒப்பிடுவதற்கான சீரற்ற புள்ளிகள்) ஒவ்வொன்றும் சதுர டிகிரிக்கு 2500 புள்ளி, ஒன்றை மட்டும் போட்டால் இரைச்சல் தெரியும், நாலைந்தாவது போடுங்க. வடவானமும் தென்வானமும் தனித்தனியாக எண்ணி, ஜோடிகளைக் கூட்டியபின் லாண்டி-சாலே சூத்திரம் (கேலக்ஸி ஜோடிகளை ரேண்டம் ஜோடிகளோடு ஒப்பிடுவது) போடணும். மடிக்கணினி நினைவகம் 16 ஜிபி என்றால் செம்பெயர்ச்சியைப் பெட்டி பெட்டியாக வெட்டிக்கொள்ளுங்க.

மேடு பரந்து கிடக்கிறதே என்று பயப்பட வேண்டாம். கேலக்ஸிகள் பிறந்த இடத்திலிருந்து பல மெகாபார்செக் நகர்ந்துவிட்டன. அந்த நகர்வைக் கணித்துப் பின்னால் தள்ளும் வேலை ஒன்று இருக்கிறது, மீளமைப்பு என்று சொல்லலாம். வெளியிட்ட கேலக்ஸி எண்கள் அது செய்த பிறகு வந்தவை.

பதிவு 12 · மாரத்தஹள்ளி மணி

பட்டியலை அடுத்த தடவை பார்க்கிறேன். இப்போது பின்புலக் கதிர்வீச்சைச் சேர்க்கிறேன். முழு லைக்லிஹுட் (தரவோடு பொருத்திப் பார்க்கும் கணக்கு) என் மடிக்கணினியில் நடக்காது. சுருக்கமான வழி?

பதிவு 13 · வேதவல்லி

மூன்று எண் போதும்: ஒலிக்கோணம் (ஒலி அளவுகோல் வானத்தில் காட்டும் கோணம்) 0.01041, பேரியான் (சாதாரணப் பொருள்) அடர்த்தி 0.02223, பேரியானும் கரும்பொருளும் சேர்ந்து 0.14208. டெசி கட்டுரையின் பின்னிணைப்பில் இவற்றின் கோவேரியன்ஸ் இருக்கிறது. இனி ஒலி அளவுகோலைத் தனி மாறியாக விடக்கூடாது, கணக்கிட வேண்டும். 147.05ஐ எடுத்து, (பேரியான் ÷ 0.02236) அடுக்கு −0.13ஆலும் (பேரியான்-கரும்பொருள் ÷ 0.1432) அடுக்கு −0.23ஆலும் பெருக்குங்கள். மேலே சொன்ன மதிப்புகளுக்கு 147.4 வரணும்.

இங்கே இரண்டு குழி.

ஒன்று, கதிர்வீச்சு. செம்பெயர்ச்சி 2.33 வரை அதை விட்டாலும் தெரியாது. 1090க்குப் (பின்புல ஒளி விடுபட்ட காலம்) போகும்போது அது பொருளில் மூன்றில் ஒரு பங்கு. விட்டுவிட்டால் அங்கே விரிவு வேகம் 13% குறைவாக வரும், ஒலிக்கோணம் எங்கேயோ போய்விடும்.

இரண்டு, இரண்டு ஒலி அளவுகோல் இருக்கிறது. ஒளி விடுபட்ட கணத்தில் சுமார் 144.4, பேரியான்கள் விடுபட்ட கணத்தில் சுமார் 147.1. ஒலிக்கோணத்துக்கு முதலாவது, பிஏஓவுக்கு இரண்டாவது. மாற்றிப் போட்டால் 1.8% பிழை. ஒலிக்கோணத்தின் துல்லியம் 0.03%. அதாவது அறுபது சிக்மா தள்ளிப் போவீர்கள், வாக்கர் அத்தனையும் ஒரு மூலையில் குவியும். அப்படிக் குவிந்தால் புதுப் பௌதிகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தொகையீட்டுக்குப் புள்ளிகளைச் செம்பெயர்ச்சியில் சம இடைவெளியாக வைக்காமல், (1 + செம்பெயர்ச்சி)யின் மடக்கையில் சம இடைவெளியாக வையுங்கள். 2000 புள்ளி தாராளம்.

பதிவு 14 · அரைக்கிறுக்கன்

5000 அடி பற்றாது. தன்தொடர்பு நேரத்தை (வாக்கர் பழைய இடத்தை மறக்க ஆகும் அடிகள்) பார்த்து, செயின் நீளம் அதைப் போல ஐம்பது மடங்காவது இருக்கும்படி ஓட்டுங்க. சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் முடிஞ்சிடும்.

பதிவு 15 · ஹெப்பால் ஹைட்ரஜன்

எல்லாம் சரி, டிஇஎஸ் சூப்பர்நோவா சேர்த்தால் மாறிலி மாடலிலிருந்து 4.2 சிக்மா விலகல் வந்ததே. அதைச் சொல்லாமல் சுற்றி வளைக்கிறீர்களே? மாறிலி செத்துவிட்டது என்று ஞாயிறு அறிவித்துவிடலாம்.

பதிவு 16 · வேதவல்லி

அறிவிக்கலாம், எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பு என்றும் சேர்த்து அறிவியுங்கள். பேந்தியன்-பிளஸ் போட்டால் 2.8, யூனியன்-3 போட்டால் 3.8, டிஇஎஸ் போட்டால் 4.2. சூப்பர்நோவாவே இல்லாமல் பிஏஓவும் பின்புலமும் மட்டும் 3.1. மூன்று தொகுப்பையும் ஒரேயடியாகப் பெருக்கி ஆறு சிக்மா காட்டுகிறவர்களும் உண்டு. பேந்தியனும் யூனியனும் ஆயிரத்துக்கு மேல் சூப்பர்நோவாவைப் பகிர்ந்துகொள்பவை. ஒரே சாட்சியை இரண்டு தடவை கூண்டில் ஏற்றுவது அது.

என் கருத்து: டபிள்யூவைப் பார்ப்பதற்கு முன் பொருள் அடர்த்தியைப் பாருங்கள். மாறிலி மாடலில் பிஏஓ 0.2975 என்கிறது. பின்புலம் 0.317 பக்கம். பேந்தியன்-பிளஸ் 0.334, டிஇஎஸ் 0.352. ஒரே பிரபஞ்சத்துக்கு நான்கு பேர் நான்கு எடை சொல்கிறார்கள். மாடலுக்கு இரண்டு கூடுதல் சுதந்திரம் கொடுத்ததும் அந்த வித்தியாசத்தை அது டபிள்யூவில் கொட்டிவிடுகிறது. நோட்புக்கில் இந்த நான்கு எண்ணையும் பிழைப்பட்டையோடு ஒரே படத்தில் போடுங்கள். சிக்மாவைவிட அது தெளிவாகப் பேசும்.

பதிவு 17 · கிட்டப்பார்வை

சூப்பர்நோவாவில் முழம் உவமை திரும்பி வருகிறது. டிஇஎஸ் தொகுப்பில் 1635 சூப்பர்நோவா சிலியில் ஒரே கேமராவால் எடுத்தவை. அருகில் இருக்கும் 194 பழைய ஆய்வுகளிலிருந்து வந்தவை, வேறு தொலைநோக்கி, வேறு வடிகட்டி. அதாவது பக்கத்துச் சரத்தை ஒரு கை அளந்தது, தூரத்துச் சரத்தை வேறொரு கை. கைக்குக் கை முழம் மாறும். 0.04 மாக்னிட்யூட் (ஒளிர்வு அலகு) நழுவினால் தொலைவில் 1.8% பிழை. டபிள்யூ-நாட் பெரும்பாலும் அருகே இருப்பவற்றுக்கும் தொலைவில் இருப்பவற்றுக்கும் உள்ள ஒப்பீட்டைத்தான் பிடித்துத் தொங்குகிறது.

அண்டவியலாளர் ஜார்ஜ் எஃப்ஸ்டாத்தியூ இந்த 0.04ஐத்தான் சுட்டிக்காட்டினார். டிஇஎஸ் குழு பெரும்பகுதிக்கு விளக்கம் சொன்னது: தேர்வுச் சார்புத் திருத்தங்கள் இரு தொகுப்பிலும் வேறு வேறு. பிறகு அவர்களே அளவுத்திருத்தத்தைத் திரும்பச் செய்து 2025 கடைசியில் வெளியிட்டபோது 4.2 என்பது 3.2 ஆனது. வானத்தைப் புதிதாகப் பார்க்காமலேயே ஒரு சிக்மா போனது.

பதிவு 18 · ஹெப்பால் ஹைட்ரஜன்

போனது ஒரு சிக்மா, நின்றது 3.2. எல்லாமே அளவுத்திருத்தக் கோளாறு என்றால் சூப்பர்நோவா இல்லாத 3.1 எங்கிருந்து வந்தது? அதற்கு இங்கே யாரும் பதில் சொல்லவில்லை.

பதிவு 19 · வேதவல்லி

நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடமும் இல்லை. நியூட்ரினோ பக்கமும் அதே இழுவை தெரிகிறது: மாறிலி மாடலில் பிஏஓவும் பின்புலமும் சேர்ந்து மூன்று நியூட்ரினோவின் மொத்த நிறைக்கு 0.064 எலக்ட்ரான்வோல்ட் என்று உச்சவரம்பு கட்டுகின்றன. ஆய்வகத்தில் அலைவுகளிலிருந்து வரும் கீழ்வரம்பே 0.059. மூச்சுவிட இடம் இல்லை. டபிள்யூவை மாற விட்டால் வரம்பு 0.16க்குத் தளர்கிறது. ஏதோ ஒன்று இடிக்கிறது என்பதை மறுக்கவில்லை. அது கரும் ஆற்றல்தான் என்பதற்கு அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

பதிவு 20 · மாரத்தஹள்ளி மணி

ஓட்டி முடித்தேன். பிஏஓவும் மூன்று எண்ணும்: −0.43, −1.7. கட்டுரையில் −0.42 ± 0.21, −1.75 ± 0.58. பேந்தியன்-பிளஸ் சேர்த்ததும் −0.84, −0.61. அங்கே −0.838, −0.62. சுவரில் யாரும் ஒட்டவில்லை. இப்போது படம்: டபிள்யூ-நாட், டபிள்யூ-ஏ முட்டை வடிவத்தைக் காட்டட்டுமா?

பதிவு 21 · அரைக்கிறுக்கன்

முட்டையைக் காட்டினால் எல்லோரும் −1, 0 புள்ளி உள்ளேயா வெளியேயா என்று மட்டும் பார்ப்பார்கள். செயினிலிருந்து 500 மாதிரி எடுத்து, செம்பெயர்ச்சி 0 முதல் 2.5 வரை டபிள்யூ கோட்டை ஒவ்வொன்றாக மங்கலாக வரைங்க. 0.3 பக்கத்தில் எல்லாக் கோடும் ஒரு முடிச்சாக நெருங்கும். டிஇஎஸ் ஜோடிக்கு 0.31இல் போட்டால் −0.956. தரவு உண்மையில் இறுக்கிப் பிடித்திருக்கும் இடம் அந்த முடிச்சுதான். இன்றைய மதிப்பும் ஆதி மதிப்பும் முடிச்சிலிருந்து நேர்கோடு இழுத்து நீட்டிய வால்கள். அளவுக் காரணியோடு டபிள்யூ நேர்கோடாக மாறும் என்று முடிவு செய்தது நாம்.

பேந்தியனுக்கு ஒரு நிறம், டிஇஎஸ்ஸுக்கு ஒரு நிறம். −1இல் ஒரு கிடைக்கோடு. அச்சில் செம்பெயர்ச்சிக்குக் கீழே கோடி ஆண்டுக் கணக்கும் போடுங்க, பின் வரிசையில் உட்காருகிறவர்களுக்கு அது வேணும்.

பதிவு 22 · கெங்கேரி கிரகணம்

ப்ரொஜெக்டர் நான் கொண்டுவரேன். மங்கல் கோடு அதில் தெரியாது மணி, தடிமனைக் கூட்டி, பின்புலத்தை வெள்ளையாகவே வைங்க.